ஒரு கட்டம், ஓர் அடி

ஈ.சி.ஜி. காகிதத்தில் சிவப்புக் கட்டம் அச்சிட்டிருக்கும்.
இரவு இரண்டரை. யாருக்கும் மார்வலி இல்லை.
ஆறு பேருக்கும் ஒரே நாளில் நைட் விழுவது அபூர்வம்.
சுருளில் மிச்சமிருந்த ஒரு முழத்தைக் கிழித்தேன்.
ஒரு சின்னக் கட்டம் ஓர் அடி.
கோரிமேட்டில் வீடு கட்ட
எங்களுக்கு வாய்த்த மனை அவ்வளவுதான்.

எதெல்லாம் வேண்டாம் என்று ஷைபி ஆரம்பித்தாள்.
வாசலில் வார்டன் நாற்காலி வேண்டாம்.
நாற்காலி முன்னால் கையெழுத்து நோட்டு,
நோட்டில் கட்டிய நூல், நூலில் கட்டிய பேனா
எதுவும் வேண்டாம்.
ஒன்பது மணி வேண்டவே வேண்டாம்.
மாகேயில் அவள் வீட்டுக் கடிகாரத்தில்
எட்டுக்கு அடுத்து பத்துதானாம்.
புளுகுகிறாள்.

நூருன்னிசா ஜன்னல் கேட்டாள்,
ஜன்னலை மூடக் கறுப்புத் துணியும் கேட்டாள்.
நைட் முடித்து வருகிறவளுக்குப்
பகல் பதினொன்றில் ஓர் இரவு வேண்டும்.
பக்கத்தில் மிக்சி கூடாது.
மிக்சியைப் பன்னிரண்டு கட்டம் தள்ளி வைத்தேன்.

சத்யவேணிக்கு ஏனாமிலிருந்து ஜாடி வரும்.
"மாங்காய்க்குத் தனி அலமாரியா?"
"எங்க ஊருக்குப் போய்ச் சேர ஒரு ராத்திரி பத்தாது.
அலமாரி கூடவா கூடாது?"
கொடுத்தோம். ஈரம் படாத சுவரில்.

மாடியில் கொடி, நடு வெயிலில்.
துப்பட்டாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டு
இனி எதுவும் காயாது.

அடுப்பில்தான் வந்தது.
இரண்டு அடுப்பு என்றாள் வேதவள்ளி.
எதற்கு என்றாள் லூர்துமேரி.
கேட்ட விதத்திலேயே
எதற்கென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.
கொஞ்ச நேரம் ஐ.சி.யூ. பக்கமிருந்து
மானிட்டர் சத்தம் மட்டும்.
பேனாவைக் காகிதத்தில் ஊன்றியபடி காத்திருந்தேன்.
அடுப்பு ஒன்று போதும், தோசைக்கல் ரெண்டு
என்று இறங்கி வந்தாள் வேதவள்ளி.
லூர்துமேரி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த இடத்தில் எதுவும் வரையவில்லை நான்.

மதில் வேண்டாம் என்றது நான்தான்.
"வேணும்" என்றாள் நூருன்னிசா.
லாஸ்பேட்டை வரை ஒரு பைக்
மூன்று நாள் பின்னால் வந்ததை
அப்போதுதான் சொன்னாள்.
வரைந்தேன். எட்டு அடி.
தாழ்ப்பாள் உள்பக்கம். சாவி ஆறு.

ஞாயிற்றுக்கிழமை நிஜ வீடு பார்க்கப் போனோம்.
சொந்தக்காரர் ஆறு பேரையும் எண்ணினார்,
திரும்ப ஒருமுறை எண்ணினார்.
"பொறுப்புக்கு ஆம்பளை யாராச்சும் இருக்காங்களா?"
இல்லை என்றோம்.
"ஆம்பளை யாராச்சும் வருவாங்களா?"
இல்லை என்றோம்.
இரண்டு பதிலும் அவருக்குப் பிடிக்கவில்லை.
முத்தியால்பேட்டையிலும் அப்படித்தான்,
அங்கே மோர் மட்டும் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை கோட்டுப் பையில் வீடு இருந்ததை மறந்து
முனை வண்டியில் இஸ்திரிக்குப் போட்டுவிட்டேன்.
சூடு பட்டால் கறுக்கும் காகிதம் அது.
அறை, அலமாரி, கொடி, எட்டடி மதில்
அத்தனையும் கரி.
"எல்லா ரூமுக்கும் நைட் வந்துடுச்சு"
என்றாள் நூருன்னிசா. யாரும் சிரிக்கவில்லை,
பிறகு எல்லோரும் சிரித்தோம்.

டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால்
பேனா அழுந்திய பள்ளங்கள் தெரிகின்றன.
விரலால் தடவித் தடவி
ஒவ்வொருத்தியும் அவரவர் சுவரைக் கண்டுபிடித்தாள்.
லூர்துமேரியின் விரல் ஓரிடத்தில் வழுக்கியது.
ஒரு கோடும் இல்லை அங்கே.
"இங்க என்ன வரணும்?" என்றாள்,
வேதவள்ளியைப் பார்த்து.

வேதவள்ளி பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

அதற்குள் பெல்.
ஏழாம் படுக்கைக்கு ஈ.சி.ஜி.
புதுச் சுருளை மாட்டிக்கொண்டு ஓடினேன்.