மினுங்கக் கூடாது

ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ இல்லையோ
ஷுவைக்கில் பாலைவனமே பறக்கும்.
தகரக் கூரைக்குக் கீழே
ஏழு பேர் ஏறும் வண்டி.
பெயிண்டைப் பற்றிக் கவலையில்லை. வெள்ளை.
வெள்ளை என்றால் வெயிலுக்குக் கொஞ்சம் மரியாதை.
இடுப்புக்குக் கீழேதான் நோய்:
முன் பம்பர், சக்கர வளைவுகள், கதவடிப் பட்டை,
பின்னால் ஒரு கட்டில் அகலத்துக்கு
ஒரு காலத்தில் கறுப்பாய் இருந்த பிளாஸ்டிக்
நீறு பூத்துக் கிடக்கிறது.

நாரத்தைத் தோல் மாதிரி நுணுக்குக் குழிகள்.
குழிக்குக் குழி
யாரோ அவசரக்காரன் அப்பிய மெழுகு
காய்ந்த தயிராய் உட்கார்ந்திருக்கிறது.

"மினுங்கக் கூடாது" என்றார் அபு தாரி,
அரபியில் பாதி, கையால் மீதி.
வழுக்கையில் எண்ணெய் தேய்த்தாற்போல் வந்தால்
காசில்லை என்பது
எந்த மொழியிலும் விளங்கும்.

தொட்டேன். சுட்டது.
இந்தச் சூட்டில் மருந்து வைத்தால்
பரவும் முன்னே காய்ந்து
திட்டுத் திட்டாய் நிற்கும்.
ரொக்கிபுல் தரையில் சாக்கட்டியால்
நிழலுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.
அசர் பாங்கு முடிந்து
இரண்டாவது சுலைமானியும் முடிந்து
புறங்கையை வைத்தால்
எடுக்காமல் இருக்க முடிந்தபோது
பிரஷ்ஷை எடுத்தேன்.

நுரை முதலில் சாம்பலாய் வழிந்தது,
பிறகு தேநீராய், பிறகு நீராய்.
குழிக்குள் ஒளிந்த தண்ணீரை நம்பக் கூடாது.
துடைத்தால் காய்ந்ததுபோல் நடிக்கும்,
மருந்து வைத்துத் திரும்பினால்
கண்ணீராய் இறங்கும்.
காற்றுக் குழாயால் இடுக்கு இடுக்காய் விரட்டினோம்.
ஸ்பிரிட் துணி ஒரு முறை.
துணி கறுத்தது.
இன்னொரு முறை.

பெரிய பரப்பைக் கண்டால் கைக்குப் பேராசை,
சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி
ஒரே இழுப்பில் போய்விடப் பார்க்கும்.
வண்டிமேல் தெளித்தாலோ
காற்று அதைக் கண்ணாடிக்குக் கொண்டுபோகும்.
பஞ்சில் நாலு சொட்டு. ஒரு முழம் இடம்.
குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம்,
அப்புறம் குழிக்குள் இறங்கும்படி
குத்திக் குத்தி.
மழை நனைத்த பலகையாய் இருண்டு வந்தது.
இங்கேயே கை கழுவிப் போகிறவர்கள்தான் அதிகம்.
வேலை இனிமேல்தான்.
உலர்ந்த துணியால், வைத்ததில் பாதியைத்
திரும்ப எடுக்க வேண்டும்,
கொடுத்த கடனைக் கேட்பது மாதிரி:
மெல்ல. விடாமல்.

இஷா முடிந்து அபு தாரி வந்தார்.
குனிந்து, சாய்ந்து, குழல்விளக்கு
எங்கேயாவது வழுக்குகிறதா என்று பார்த்தார்.
பிறகு சட்டென்று
தன் வெள்ளை திஷ்தாஷாவின் ஓரத்தைச் சுருட்டிச்
சக்கர வளைவில் அழுத்தித் தேய்த்தார்.
தினமும் இறங்கும்போது உரசும் இடமாம்.
துணி வெள்ளையாகவே வந்தது.
கதவடிப் பட்டை. வெள்ளை.
பெட்ரோல் மூடிக்குக் கீழே,
அங்கே எதற்குத்தான் போனாரோ,
ஒரு மெல்லிய கோடு,
கண்மை இழுவியதுபோல.

ரொக்கிபுல் சாக்கட்டிக் கோடுகளை எண்ணத் தொடங்கினான்.
அபு தாரி அந்தக் கோட்டைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
"ஸேன்" என்றார்.
பன்னிரண்டு தினாரை மேசையில் எண்ணி வைத்து
கால் தினாரை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்.
சோப்புக்காம்.

வண்டி போனபின் பஞ்சில் கொஞ்சம் மிச்சம்.
எறிய மனம் வரவில்லை.
இடது கால் செருப்பின் பட்டையில்
குறுக்கே, நெடுக்கே, குத்திக் குத்தி.
வலதுக்குப் போதவில்லை.

ஃபர்வானியா பஸ்ஸில் எதிர்ச் சீட்டுக்காரர்
என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்:
ஒன்று இன்று கடையில் எடுத்தது,
ஒன்று மூன்று கோடை நடந்தது.
நானும் அப்போதுதான் பார்த்தேன்,
துடைத்தெடுக்க மறந்திருக்கிறேன்.
மினுங்கிக்கொண்டிருந்தது.

இறங்கியதும் தெருத் தூசி
அதைத்தான் முதலில் தேடி வந்தது.