பொதுச்சுவர்

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வரிசையில்
இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்.
அந்தப் பக்கம் மோகாம்பரி அக்கா தும்மினால்
இந்தப் பக்கம் என் தேநீர்க் கோப்பைக்குத் தெரியும்.

நாற்பத்து மூன்று வயதில்
கிரே ஸ்ட்ரீட் அடகுக்கடையில்
அந்த சாக்ஸபோனை வாங்கினேன்.
கழுத்தில் பச்சை பிடித்திருந்தது.
பகலெல்லாம் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் ஏற்றுகிறவன்,
அடைபட்ட காற்றோடுதான் பிழைப்பு,
இது எனக்கு வராதா என்று நினைத்தேன்.

வந்தது சுரமில்லை.
கன்று ஈனும் மாட்டின் குரல்.
ஐந்தாம் நிமிஷம் சுவரில் மூன்று தட்டு விழும்.
நிறுத்திவிடுவேன்.
மகன் தேஷன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு
கணக்குப் போடுவான்.
விடை தப்பினால் பழி என் மேல்.

ப்ளஃப் கடற்கரைக்குத் தூக்கிப் போனேன்.
அங்கே காற்று
என்னைவிட நன்றாக வாசித்தது.
திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாம் வருஷம்
தட்டு விழப் பத்து நிமிஷம் ஆனது.
காலண்டரில் பென்சிலால் குறித்தேன்.
ஒருநாள் பதினேழு.
அன்று ஓட்டின் மேல் நல்ல மழை,
கணக்கில் சேர்க்கவில்லை.

பழைய செல்போனில் ஒரு பதிவு கிடந்தது,
பெருமையாக எடுத்து வைத்தது.
ஏறுகிற இடமெல்லாம் சறுக்கியிருக்கிறேன்.
பின்னால் குக்கர் மூன்று விசில்,
அது மட்டும்தான் சுருதி பிசகவில்லை.
கடைசியில் என் குரல்:
"அந்தச் சனியனை அணைச்சுத் தொலை!"
லோகேஸ் பதில் சொல்லவில்லை.
அடுப்பின் திருகு திரும்பும் சத்தம்,
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.
அழிக்கப் போன விரல்
அப்படியே நின்றது.
பிசகிய சுரங்களில்
மிக மோசமானது அதுதான்.

நீண்ட சுரம் என்றால்
இருக்கிற மூச்சை உடனே செலவழிக்காமல் இருப்பது.
வாத்தியத்தில் இது பிடிபட ஆறு வருஷம்.
சாப்பாட்டு மேசையில் இன்னும் பிடிபடவில்லை.
படிப்பை விட்டுவிட்டேன் என்று
தேஷன் வந்து நின்ற இரவு
நான்கு எண்ணினேன்.
எட்டு எண்ணினேன்.
பன்னிரண்டில் கத்திவிட்டேன்.
முன்பெல்லாம் ஒன்றிலேயே கத்துவேன்.
லோகேஸ் கவனித்தாள்.
எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

போன செவ்வாய்
நாற்பது நிமிஷம் கடந்தும்
சுவர் பேசவில்லை.
அக்காவுக்கு வயது எழுபத்தொன்பது.
செருப்புப் போடாமல் ஓடினேன்.
அவள் கதவில், முதல் தடவையாக,
என்னுடைய மூன்று தட்டு.
கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.
"தூங்கிட்டேன்டா. என்ன இப்போ?"

அது பாராட்டா என்று
படி இறங்கும் வரை யோசித்தேன்.
அவோகாடோ மரத்தில் ஒரு ஹடீடா கத்தியது.
பிறந்ததிலிருந்து அதே கத்தல்,
தேறவும் இல்லை, கூச்சமும் இல்லை.
பொறாமையாக இருந்தது, கொஞ்ச நேரம்.

வீட்டுக்கு வந்து மறுபடி எடுத்தேன்.
எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அந்தச் சுரம்
இன்றும் உடைந்துதான் வந்தது.
போன வருஷம் உடைந்த இடத்திலிருந்து
கொஞ்சம் தள்ளி.