நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பு

மென்பொருள் பச்சை காட்டிவிட்டது: நான்கு சதவீதம்.
அதுவும் நூற்பட்டியலும் துறையின் பெயரும்தான்.
போய்த் தூங்கு என்றான் ராய்வோ.

தூங்கவிடாதது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி:
சதுப்பு மழையை விழுங்குவதில்லை,
வாயில் அடக்கி வைத்திருக்கிறது.

நன்றாக இருந்தது. அதுதான் சிக்கல்.
என் வாக்கியங்கள் அப்படி இருப்பதில்லை.
கணுக்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு
எனக் கருத இடமுண்டு என்று முடிபவை அவை.

தார்த்துவில் பிப்ரவரி. ஆறு உறைந்து கிடந்தது.
நூலகத்தின் நிலவறையில்
சாம்பல் நிற அட்டைகளைப் புரட்டினேன் மூன்று நாள்,
கையுறை விரல்நுனிகளை வெட்டிவிட்டு.

கிடைத்தது.
1974, தட்டச்சு, கரித்தாள் நகல்,
எந்தக் கணினிக்குள்ளும் ஏறாதது.
அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு பேராசிரியர்.
உள்ளே, பொடி எழுத்தில்,
அளந்தவர்: ஹெல்யு ரவுத்லா, கள உதவியாளர்.

நாளுக்கொரு எண். சென்டிமீட்டரில் நீர்மட்டம்.
பக்கம் பக்கமாக வேறொன்றுமில்லை.
முப்பத்தொன்றாம் பக்கத்தில், அக்டோபர் ஒன்பதுக்கு நேரே,
குறிப்புகள் என்ற கட்டத்துக்குள் அடங்காமல்
ஓரத்தில் வழிந்திருந்தது
அந்த வரி.

அன்று என்ன மழையோ.

பின்னட்டையில் இரவல் சீட்டு.
கடைசிக் கையெழுத்து கோணலாக, என்னுடையது.
ஆறு வருடம் முந்தைய தேதி.

திருடவில்லை, மறந்துவிட்டேன்
என்று படியேறும்போது சொல்லிக்கொண்டேன்.
பாதிப் படியில் நின்றேன்.
மறந்தது அவர் பெயரைத்தான், வரியை அல்ல.
வரியை வாயில் அடக்கி வைத்திருந்திருக்கிறேன்.

அழித்துவிடலாம், யாருக்கும் நட்டமில்லை.
சொல்லை மாற்றிப் போடலாம்:
விழுங்குவதில்லை என்பதை உட்கொள்வதில்லை என்று.
போட்டும் பார்த்தேன்.
முழுப் பூசணிக்காய், கைப்பிடிச் சோறு.

விடியுமுன் மேற்கோள் குறிகளைத் திறந்தேன், மூடினேன்.
ரவுத்லா, 1974, பக்கம் 31.
எண் நாற்பத்தொன்று.
பழைய நாற்பத்தொன்று நாற்பத்திரண்டானது,
அதற்கடுத்தது நாற்பத்து மூன்று,
அப்படியே கடைசிவரை
பேராசிரியர்களும் கழகங்களும் அமைச்சகமும்
முழங்கை இடிபட
ஓரிடம் தள்ளி உட்கார்ந்தார்கள்,

ஈரக் காலணியோடு ஏறிய ஒருவருக்காக.