வாயை மூடித் தரவும்

ஜானி ஜான் கான் தெருவில் இரண்டாம் மாடி.
கீழே கட்டிங் மிஷின் ஓடினால்
என் மானிட்டரும் சேர்ந்து நடுங்கும்.
குடியரசு தினத்துக்கு நாற்பது பிரதி,
ஐந்தடிக்கு மூன்று, மேட் லேமினேஷன்:
வந்தவாசி திரிபுரம்மாள்.
ஆர்டரில் ‘தேசத்தின் குரல்’ என்றிருந்தது.

துறை கொடுத்த பென்டிரைவில் ஆறு படங்கள்.
ஒன்றில் கதர் கட்டி, பின்னால் இந்திய வரைபடம்.
இலங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அந்த இடத்தில் ஹார்மோனியத்தை வைத்திருக்கிறான் ஓவியன்.
ஒன்றில் கையில் ஏடு, தலைக்கு மேல் வில், புலி, மீன்.
அது அறுபத்தேழுக்குப் பிறகு வரைந்தது என்றார்
இணை இயக்குநர் எட்வின் ஞானதாஸ்.
அவரே சிரித்துக்கொண்டார்.
காலண்டரில் அவள் மஞ்சள்,
அடுத்த காலண்டரில் இன்னும் மஞ்சள்.
மூக்குத்தி இடமிருந்து வலம் போய்
மறுபடி இடத்துக்கே வந்திருக்கிறது.

ஆறிலும் வாய் மூடியிருந்தது.

ஏழாவது, பெயரில்லாத ஃபோல்டரில்.
வால்டாக்ஸ் ரோட்டுக் கொட்டகை, ராஜபார்ட் வேஷம்,
ஒட்டு மீசை ஒரு பக்கம் பிரிந்து தொங்க,
தொண்டை நரம்பு தேர்வடம் மாதிரி.
வாய், அம்மாடி, உள்நாக்கு வரைக்கும் தெரிகிறது.
வெற்றிலைக் காவி. கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை.
மைக் இல்லாமல்
வெளியே சுண்டல் விற்பவன் வரை போக வேண்டிய குரல்
பார்க்க லட்சணமாக இருக்குமா?

அதைத்தான் வைத்து அனுப்பினேன்.

போன் வந்தது.
“நல்ல படந்தான் தம்பி.
ஆனா பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போவுது.
மீசைய எடுத்துடு. வாய மூடிடு.”

மீசைக்கு அரைமணி நேரம்.
வாய் விடியும் வரை.
கடைசியில், பழைய வேலையொன்றில்
தி.நகர் நகைக்கடைக்குச் சிரித்த பெண்ணின்
உதட்டை எடுத்து ஒட்டினேன்.
பொருந்தியது. அதுதான் பயமாக இருந்தது.
நரம்பு மட்டும் அடங்கவில்லை.
எதையோ துப்ப இடம் தேடுகிறவள் போல
நின்றாள்.
“முகத்துல தேசபக்தி தெரியுது”
என்று கையெழுத்துப் போட்டார் ஞானதாஸ்.

பிப்ரவரியில் ஒரு தலைமையாசிரியை கூப்பிட்டார்,
புளியந்தோப்பிலிருந்து.
எவனோ பால்பாயின்ட் பேனாவால் கிறுக்கிவிட்டானாம்.
இன்னொரு பிரதி கிடைக்குமா?
என்ன கிறுக்கினான் என்றேன்.
மீசை, என்றார். அப்புறம் வாயைக் கறுப்பாக,
பெரிசாக, தொண்டை வரைக்கும்.

மீசை ரெண்டு பக்கமுமா மேடம்?

இல்லை, ஒரு பக்கந்தான். பெல் அடிச்சிருக்கும். ஏன்?

சும்மாதான் என்று விலை சொன்னேன்.
ஜிஎஸ்டி தனி.
மிஷின் ரிப்பேர், பத்து நாளாகும் என்றேன்.
கீழே அது ஓடிக்கொண்டிருந்தது.