நான்கு மில்லிமீட்டர்

சஜாவில் எங்கள் பட்டறை.
ஜபல் அலியில் இறங்கி வரும்
ஆறு மீட்டர் அலுமினியச் சட்டங்கள்.
ஜன்னலுக்கு இரண்டாயிரத்து முந்நூற்று எண்பதில்
இரண்டு துண்டு.
மிச்சம் ஸ்கிராப் தொட்டிக்கு.
விழும்போது மணி அடித்தாற்போல் ஒரு சத்தம்.
ஆறு வருஷமாய் அது எங்களுக்கு
வேலை நடக்கும் சத்தம்.

கப்பல் பதினெட்டு நாள் பிந்திய ஆகஸ்டில்தான்
பிரிட்டோ தொட்டிக்குள் இறங்கினான்
டேப்போடு.
ஆயிரத்து இருநூற்று முப்பத்திரண்டு.
மறுபடி அதே.
மறுபடி அதே.
அஜ்மான்காரன் கேட்டு நச்சரித்த
குளியலறை ஜன்னல்
ஆயிரத்து இருநூறு.

அன்றிலிருந்து ஒரு நாள் பொறுக்கிறோம்.
நாளைய ஆர்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
இன்றைய சட்டத்தை அறுக்கிறோம்.
எக்செல்லில் நான் கணக்குப் போட்டேன்:
மிச்சம் நாற்பது.
பிரிட்டோ சிரித்தான்.
"பிளேடு தின்னுறத விட்டுட்டியே."
வெட்டுக்கு நான்கு மில்லிமீட்டர், மூன்று வெட்டு.
மிச்சம் இருபத்தெட்டு.
தீப்பெட்டி அகலம்கூட இல்லை.

வியாழக்கிழமை பிக்கப்பில் குல் ஜமீர் வந்தார்.
தொட்டியை எட்டிப் பார்த்தார்.
கம்பெனியை மூடப்போகிறார்களா என்று
இந்தியில் கேட்டார்,
எங்களுக்காக வருந்தி.
என்ன சொல்வது?
பிரிட்டோ தராசைத் துடைத்தான்,
சுத்தமாக இருந்த தராசை.

இரண்டு பேர் தூக்கும் மூட்டையை
அவர் ஒருவராகத் தூக்கினார்,
பழைய பாரம் இருப்பதுபோல்
கொஞ்சம் குனிந்து.