நார் மூட்டு

இரவு இரண்டு பத்து.
தண்டையார்பேட்டை அரசு மருத்துவமனை, எக்ஸ்ரே அறை.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு நீல வாளி.
டெல்பின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள்,
இடுப்பில் பதினோரு மாதப் பையன்.
பின்னால் அவள் புருஷன் ரொசாரியோ,
ஒரு காலில் மட்டும் செருப்பு.

கட்டிலிலிருந்து விழுந்தான் என்றாள் அவள்.
என் கையிலிருந்து என்றான் அவன்.
சீட்டில் ஒரு வரிக்குத்தான் இடம்.
'கீழே விழுந்தது' என்று எழுதியிருந்தார்கள்.

ஈயக் கவசத்தை அவனுக்கு மாட்டி
தலையைப் பிடிக்கச் சொன்னேன்.
பிடித்தான்,
விளிம்புவரை நிரம்பிய எதையோ போல.

படம் திரையில் ஏறியது.
'ஐயோ, எவ்ளோ விரிசல்'
டெல்பின் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விரிசல் இல்லை அது.
மண்டை ஒரே ஓடாகப் பிறப்பதில்லை,
துண்டு துண்டாகத்தான்.
துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே நார்.
மசகு கிடையாது, குழி கிடையாது.
மூட்டு என்றால் மடங்கவேண்டுமா என்ன?
அழும்போது தெரிகிற அவன் மூன்று பல்லும்
தாடைக் குழியில் இதே போல் நாரில்தான் நிற்கின்றன.
டிப்ளமோவில் மனப்பாடம் செய்தது இது.
சொல்லக் கூடாது.
படம் எடுப்பவள் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

ரொசாரியோ திரையருகே வந்தான்.
காசிமேட்டில் போட்டுக்குக் கலப்பத்து அடிக்கிற கை,
நகக்கண்ணில் கருப்புப் பிசின்.
'சந்து மாரி கீது மேடம்.
பலகைய நெருக்கி வச்சா தண்ணில ஊறி
ஒண்ண ஒண்ணு நெட்டித் தள்ளும்.
சந்து வுட்டுப் பஞ்சு திணிக்கணும்.
அப்பதான் போட்டு நிக்கும்.
ஏய், எந்திரி. சந்துதாண்டி அது.'

நான் ஆமென்று தலையாட்டவில்லை.
இல்லையென்றும் ஆட்டவில்லை.
டெல்பின் என் முகத்தையே படித்துக்கொண்டிருந்தாள்.

அவன் விரல் ஒவ்வொரு சந்தாகப் போனது.
நெற்றிக்குப் பின்னால் ஒன்று.
பிடரியில் ஒன்று,
ரம்பப் பல் இப்போதுதான் முளைக்கிற கோடு.
அப்புறம் காதுக்கு மேலே வந்து
நின்றது.

இரண்டு விரற்கடை நீளம்.
நேர்க்கோடு.
பல்லே இல்லை.
அவனுக்கு முன்பே நான் பார்த்திருந்தேன்.

'இது சந்து இல்லையே' என்றான்,
பலகையிடம் சொல்வதுபோல மெதுவாக.

டாக்டர் வரட்டும் என்றேன்.

கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில் ஒன்று
பெட்டிகளை இடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தது.
வாளியில் நாலைந்து சொட்டு விழுந்திருக்கும்.
'கட்டில்லேர்ந்துதான்' என்றாள் டெல்பின்,
யாரும் கேட்காமலே.
எழுந்துபோய் அவன் பக்கத்தில் நின்றாள்.
செருப்பில்லாத காலை அவன்
செருப்பிருந்த காலின்மேல் ஏற்றிவைத்திருந்தான்.

பையனைக் கொஞ்சநேரம் நான் வாங்கிக்கொண்டேன்.
என் அடையாள அட்டையின் நாடாவை
வாயில் இழுத்து
மூன்று பல்லால் கடித்தான்.
விடவேயில்லை.