வலை ஈயம்

தடிக்காரன்கோணத்தில் ரப்பர் ஷீட் புகைக்கிற
கொட்டகைக்குப் பின்னால் என் அறை.
அந்தப் புகை என் நாற்றத்தை மூடும் என்பதால்
வாடகையில் பேரம் பேசியதில்லை.

உள்ளே படிகாரம், வெண்காரம், தென்னை நார்,
ஜோடி ஜோடியாகத் தபாலில் வரும் கண்ணாடிக் கண்கள்.
போன மாதம் நாய்க்கண் கேட்டேன்,
ஆட்டுக்கண் அனுப்பியிருந்தார்கள்.
நாய் செத்த வீட்டுக்காரர் தினமும் வந்து
குழியை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

மீன்தான் பாடு.
செத்த கொஞ்ச நேரத்தில் நிறம் இறங்கிவிடும்.
அப்புறம் அந்தச் சாம்பல் தோலில் நான் தீட்டுவதெல்லாம்
முட்டத்துப் பாறையில், தூண்டில் நுனியில்
அது புரண்ட அரை வினாடி.
கல்லூரியில் களவாவுக்கு மாதிரி என்று
ஒரு படம் தந்தார்கள்.
படத்தில் இருந்தது செத்த களவா.
மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மிருகம் அப்படி இல்லை.
எந்தக் காது முதலில் திரும்பும்,
முன்னங்கால் எந்த உயரத்தில் மறந்து நிற்கும் –
குழல்மேல் கன்னம் வைத்துப் படித்தது.
கீரிப்பாறை, மாறாமலை, காளிகேசம்,
நெற்றியில் கட்டிய விளக்கு,
கடைசியில் ஒரு கேஸ், பதினோரு நாள் சப்ஜெயில்.
துப்பாக்கியை எழுதி வாங்கிக்கொண்ட
கார்டு பூதலிங்கம்
இப்போது ரேஞ்சர்.

அவர்தான் ஜீப்பில் வந்தார்,
தார்ப்பாய்க்குள் ஒரு மிளா.
"லாரி அடிச்சிட்டு. ஆபீஸ் மியூசியத்துக்கு வேணும்.
செய்வியாடே, யேசுவடியான்?"
"செய்யலாம் சார்."
"உனக்கு மிளா தெரியாதா பின்னே!"
அவர் முழுதாகச் சிரித்தார்.
நான் பாதி.

வலது தோளுக்குக் கீழே
கத்தி கல்லில் தட்டியது.
கல் இல்லை, சதை சுற்றி வளர்ந்த முடிச்சு.
பிளந்தால் ஈயம்.
கடை ரவை உருண்டையாக இருக்கும்.
இது ஒரு பக்கம் தட்டை,
நடுவே கயிறு ஓடிய பள்ளம்.

மணக்குடியில் கிழிந்த வலையைச் சும்மா தந்தார்கள்.
குண்டுகளைப் பிரித்தெடுத்து,
உருக்கச் சோம்பல்பட்டு உளியால் நறுக்கிப் போட்டேன்.
மலையடிவாரத்தில் அப்படி ஒரு சோம்பேறி
நான் மட்டும்தான்.

விழுந்தது, எழுந்தது.
ஓடை வரைக்கும் இலைகளில் ரத்தம்,
அக்கரையில் இல்லை.
தப்பிட்டு என்று சொல்லி வீட்டுக்கு வந்து
கஞ்சி குடித்துப் படுத்தேன்.

ஒன்பது வருஷம்.
எங்கள் ஊருக்கு வருஷத்துக்கு இரண்டு மழை,
பதினெட்டு மழையில் நனைந்து மேய்ந்திருக்கிறது,
என் வலை ஈயத்தைச் சுமந்துகொண்டு.

கம்பி, களிமண், நார்.
கழுத்தைக் குனிந்து மேய்கிற மாதிரி வைக்க
மூன்று நாள் பார்த்தேன். கை கேட்கவில்லை.
தலை தானாக நிமிர்ந்து
கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டது.

ரேஞ்சர் இரண்டு சுற்று சுற்றி வந்தார்.
"நல்லாத்தான் இருக்கு.
ஆனா உன் மிருகமெல்லாம் ஏன்டே
யாரையோ பாத்துட்ட மாதிரியே நிக்கி?"
"தெரியல்ல சார்."

பீடத்தோடு தூக்க நாலு பேர்.
ஜீப்பில் ஏற்றும்போது ஒரு பையன் சொன்னான்,
வலது பக்கம் கொஞ்சம் கனக்குதே.

இருக்காது, என்றேன்.
உள்ளே வெறும் நார்.